ராத்திரி இரண்டு மணி மெட்டும் காலைக் காதும்

இசை செய்கிற இளைஞர்களிடம் தூக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ராத்திரி விழிக்கிறவர், "ரஹ்மான் சாரே ராத்திரிதானே வேலை செய்வார்" என்பார். விடியலில் எழுகிறவர், "ராஜா சார் காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்டூடியோவில் இருப்பார், தெரியுமா?" என்பார். இரண்டும் உண்மைதான். அதனாலேயே, எந்த நேரத்தில் நல்ல பாட்டு வரும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு பெயர்களும் உதவாது. ஏன் ஒருவர் காலையைப் பிடித்தார், மற்றவர் இரவைப் பிடித்தார் என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தபோது, சினிமாப் பாட்டு என்பது ஒரே கூடத்தில் பலர் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலை. வயலின்காரர்கள் ஒரு பக்கம், தபலா, மிருதங்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், தனியறையில் பாடகர். அவர்களுக்குச் சங்கம் உண்டு, கால்ஷீட் உண்டு, மணிக்கணக்கு உண்டு. எல்லோரும் ஒன்றாக வாசித்துத்தான் டேக் எடுப்பார்கள். கடைசிச் சரணத்தில் புல்லாங்குழல் ஒரு இடத்தில் பிசகினாலும் மறுபடி பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனை பேரும் வந்து உட்காருவதற்குள் யார் யார் என்ன வாசிப்பது என்று தாளில் இருந்தாக வேண்டும். வாத்தியத்தைத் தொடாமலே நேராக நோட்ஸ் எழுதக்கூடியவர் அவர். எழுதியதைப் பிரதி எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். அப்படியானால் எழுதுகிறவர் எல்லோருக்கும் முன்னால் வந்தாக வேண்டும். ஏழு மணி என்பது அந்தக் கணக்கில் பொருந்துகிற நேரம்.

ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவை அமைத்தார். 'ரோஜா' 1992-இல் வந்தது. கீபோர்டு, ஸ்வரங்களைப் பதிந்துவைத்து வரிசையாக ஒலிக்கவிடும் சீக்வென்சர், கணினி என்று வேலை ஒரு அறைக்குள் வந்துவிட்டது. வாத்தியக்காரர்களைத் தனித்தனியாக அழைத்துத் தனித்தனி ட்ராக்காகப் பதிந்துகொள்ளலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கூட வேண்டிய கட்டாயம் போனதும், கால்ஷீட் நேரமும் கட்டாயமில்லை என்றாயிற்று. இரவில் போன் வராது, ஆள் வராது, தெரு அடங்கியிருக்கும். நள்ளிரவு தாண்டி அழைப்பு வந்து போய்ப் பாடியதாகப் பாடகர்கள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, அந்த நேரங்களைப் பெரிய அளவில் முடிவு செய்தவை கருவியும் ஆள்கணக்கும் சத்தமும். கலைஞனுக்குள் இருக்கும் ஏதோ ஒரு ராத்திரிச் சக்தி என்று நாம் பின்னால் கதை சேர்த்துக்கொண்டோம். இந்தச் சத்த விவகாரம் புதிதும் இல்லை. பேசும்படம் வந்த புதிதில், காகம் கரைந்து ஒலிப்பதிவு கெட்டுப்போகிறது என்று காக்கை விரட்டவே ஆள் வைத்திருந்த கதைகள் பழைய ஸ்டூடியோ நினைவுகளில் உண்டு.

இன்றைக்கு வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒரு படுக்கையறைதான் ஸ்டூடியோ. சுவரில் கறுப்பு நுரைப் பலகை ஒட்டியிருப்பார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளிச் சத்தத்தை அது தடுக்காது என்பது முதல் குரல் பதிவின்போதுதான் பலருக்கும் தெரியவரும். மைக்கைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப்பீ, மேல்மாடியில் நாற்காலி இழுபடுவது எல்லாம் ட்ராக்கில் வந்து உட்காரும். ஃபேன் ஓடக் கூடாது. ஏ.சி.யும் கூடாது. கதவை மூடி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, பாடகர் வியர்வையோடு பல்லவியை முடிப்பார். ஏ.சி.யைப் போட்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி அணைத்துவிட்டு அனுபல்லவிக்கோ சரணத்துக்கோ போக வேண்டும். நாலரை மணிக்கெல்லாம் பால் வண்டி வரும், குயில் கூவும், எங்கிருந்தோ ஒரு ஒலிபெருக்கி தொண்டையைத் திறக்கும். (2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்பது வரம்பு. இதை நம்பி யாரும் ரெக்கார்டிங் வைத்துக்கொள்வதில்லை.)

இப்படிப் பார்த்தால் கையில் இருப்பது நள்ளிரவுக்கும் நாலு மணிக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். ஆனால் அந்த அமைதி யாருக்குத் தேவை? மைக் வைத்துப் பதிகிற வேலைக்குத்தான். டிரம் புரோகிராம் பண்ணுவதற்கும், எடுத்த குரலை வெட்டி ஒட்டுவதற்கும், ஸ்ட்ரிங்ஸ் எழுதுவதற்கும் ஹெட்ஃபோன் போதும். அவற்றைப் பகல் பதினொரு மணிக்கும் செய்யலாம். ஒரு வேலை இரவைக் கேட்டதால் மற்ற எல்லா வேலையும் கூடவே இரவுக்குக் குடிபோய்விட்டது. என் பார்வையில் தூக்கச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இசை செய்வது என்பது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது, அதை வாசித்துப் பாடிப் பதிவது, பதிந்தது நன்றாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது. இந்த மூன்றும் தூக்கத்தோடு வெவ்வேறு மாதிரி உறவு வைத்திருக்கின்றன.

அதற்கு முன்னால், இரவு ஒன்பது பத்து மணிக்கு ஏன் திடீரென்று ஒரு தெம்பு வருகிறது என்பதைச் சொல்லிவிடலாம். தூக்க ஆய்வில் இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் முன்வைத்த விளக்கம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தூக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம் உடலின் உள்கடிகாரம் தன் போக்கில் ஓடும். இந்தக் கடிகாரம் மாலையில், படுக்கப் போவதற்குச் சில மணி நேரம் முன்பு, விழிப்புக்கான சைகையை உச்சத்தில் அனுப்புகிறது. நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பை அது கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது. "ராத்திரி ஆனாத்தான் எனக்கு மூடு வரும்" என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். பிறகு உடலைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஏறும், உடல் சூடு இறங்கும். வழக்கமான நேரத்தில் தூங்குகிறவருக்கு விடிகாலை நாலு மணி வாக்கில் உடல் சூடு மிகவும் தாழ்ந்திருக்கும். கவனமும் அந்த நேரத்தில்தான் அடிமட்டத்தில் கிடக்கும். இரவின் தொடக்கமும் இரவின் கடைசியும் ஒரே சரக்கு இல்லை. ஒன்பது மணித் தெம்பை நம்பி நாலு மணி வரை வேலையை நீட்டுவதில்தான் எல்லாம் கெடுகிறது.

கண்டுபிடிக்கிற வேலைக்குக் களைப்பு கொஞ்சம் உதவவும் செய்யும், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரைக்கே வீத், ரோஸ் சாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களுக்கு ஒத்துவராத நேரத்தில், அதாவது காலை ஆள் மாலையிலும் மாலை ஆள் காலையிலும், 'சட்டென்று பொறி தட்ட' வேண்டிய புதிர்களை நன்றாகவே அவிழ்த்தார்கள். படிப்படியாகக் கணக்குப் போட்டுத் தீர்க்கும் புதிர்களில் அந்த ஆதாயம் இல்லை. களைத்த மூளை வேலிகளை அவ்வளவு கறாராகக் காவல் காப்பதில்லை. சம்பந்தமில்லாதது உள்ளே வருகிறது. கல்யாணி ராகத்தில் போய்க்கொண்டிருந்த கை ஏதோ ஒரு அந்நிய ஸ்வரத்தில் விழுந்து, "அட, இது நல்லாருக்கே" என்று நிற்பது அந்த மாதிரி நேரங்களில் நடக்கும்.

தூக்கத்தின் விளிம்பில் இது இன்னும் கூர்மையாக நடக்கிறது. பாரிஸில் செய்து 2021-இல் வெளியான ஒரு ஆய்வில், ஒளிந்திருக்கும் சூத்திரம் ஒன்றைக் கொண்ட எண் புதிரை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். நடுவில் இருட்டறையில் 20 நிமிடம் நாற்காலியில் சாய்ந்திருக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொருளைப் பிடித்திருக்க வேண்டும், கண் செருகினால் அது கீழே விழுந்து எழுப்பிவிடும். எடிசன் செய்ததாகச் சொல்லப்படும் உத்தி அது. தூக்கத்தின் முதல் படியில் 15 விநாடியாவது இருந்தவர்களில் 83% பேர் பிறகு சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30% பேர்தான். கொஞ்சம் ஆழமாகத் தூங்கிப்போனவர்களில் 14%. ஜெர்மனியில் 2004-இல் இதே வகைப் புதிரை வைத்துச் செய்த சோதனையில், முழு இரவு தூங்கி எழுந்தவர்களில் சுமார் 60% பேர் சூத்திரத்தைப் பிடித்தார்கள். தூங்காமல் அதே எட்டு மணி நேரத்தைக் கழித்தவர்களில் 23% பேர். எண் புதிர் பாட்டாகாது, சரி. ஆனால் ஒரு சரணத்தில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றுகிறவர், எழுந்து போய்ப் படுப்பதையும் வேலையின் ஒரு பகுதியாக எண்ணிக்கொள்ள இது போதுமான காரணம்.

கனவில் மெட்டு வந்த கதைகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு 'யெஸ்டர்டே' மெட்டு தூக்கத்தில் வந்தது ஊரறிந்த கதை. எழுந்ததும் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த பியானோவில் வாசித்துப் பார்த்தார். எங்கோ கேட்டதைத் திருடிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் பார்ப்பவரையெல்லாம் கேட்டார். வரிகள் அமையாமல் முட்டைப் பொரியலைப் பற்றி டம்மி வரி போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு 1965-இல்தான் வெளிவந்தது. கனவு கொடுத்தது மெட்டு. வரிகள் எழுதியது, அது தன் மெட்டுத்தானா என்று உறுதி செய்தது, பதிவு செய்தது எல்லாம் விழித்த மனம் மாதக்கணக்கில் செய்த வேலை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் கதை இன்னும் உபயோகமானது. 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டின் கிட்டார் வரி இரவில் வந்ததே அவருக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்த கேசட் ரெக்கார்டரில்தான் அது இருந்தது. கொஞ்ச நேரம் கிட்டார், மீதி டேப் முழுக்கக் குறட்டை என்று அவரே எழுதியிருக்கிறார். அன்றைக்கு ரெக்கார்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான் விஷயம். இன்றைக்குப் போனில் வாய்ஸ் மெமோ இருக்கிறது. விளக்கைப் போடாமல், கணினியைத் திறக்காமல், முனகிப் பதிந்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். கணினியைத் திறந்தால் கதை வேறு: மெட்டைப் பதிவதற்குள் எந்தக் கிக் டிரம் சேம்பிள் நல்லது என்று தேட ஆரம்பித்து மணி மூன்றாகிவிடும்.

வாசிக்கிற, பாடுகிற வேலைக்கு வருவோம். இங்கே தூக்கம் நேரடியாகக் கைவேலை பார்க்கிறது. தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரும் கூட்டாளிகளும் 2002-இல் செய்த சோதனையில், விரல்களால் குறிப்பிட்ட வரிசையில் விசைகளைத் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் கூடுதல் பயிற்சி இல்லாமலே சுமார் 20% வேகமாகத் தட்டினார்கள். அதே அளவு நேரம் பகலில் விழித்திருந்தால் அந்த முன்னேற்றம் வரவில்லை. 2006-இல் இசை மாணவர்களைக் கீபோர்டில் ஒரு மெட்டு வாசிக்க வைத்துப் பார்த்தபோதும் தூக்கத்துக்குப் பின் துல்லியம் கூடியது. பாட்டில் கடினமான சங்கதி ஒன்று மாலையில் நூறு தடவை பாடியும் சறுக்கும், மறுநாள் காலை முதல் தடவையே உட்கார்ந்துவிடும். பாடத் தெரிந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. விடியற்காலப் பாட்டுப் பயிற்சியான சாதகத்தைப் பெரியவர்கள் வற்புறுத்தியதில் இந்தக் கணக்கும் இருந்திருக்கலாம்.

உளவியலாளர் எரிக்சனும் கூட்டாளிகளும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் எழுதியது உலகப் புகழ் பெற்றது. பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதிலிருந்து கிளம்பிய பேச்சுத்தான். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. முன்னணி வயலின் மாணவர்கள் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரியாக 8.6 மணி நேரம் தூங்கினார்கள். இசை ஆசிரியர் பயிற்சியில் இருந்த மாணவர்கள் 7.8 மணி நேரம். அதிகம் பயின்றவர்கள்தான் அதிகம் தூங்கியும் இருக்கிறார்கள்.

குரலுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு. எழுந்தவுடன் குரல்நாண்கள் சற்று வீங்கியிருக்கும், சுருதி கீழே நிற்கும், மேல் ஸ்தாயி திறக்காது. அதனால்தான் பல பாடகர்கள் காலைப் பதிவென்றால் முகம் சுளிப்பார்கள். அதே சமயம் பதினெட்டு மணி நேரம் விழித்த குரல் அதைவிட மோசம். பதினொரு மணிக்கு மேல், சாப்பாட்டுக்கு முன்னால் என்பது அவர்களுக்கு உகந்த நேரம். வீட்டு ஸ்டூடியோவுக்கோ அதுதான் சத்தம் அதிகமான நேரம். ஒரே தீர்வு, குரல் பதிவுக்கு மட்டும் ஒரு நல்ல ஸ்டூடியோவை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுப்பது. வாரத்தில் எத்தனை இரவுகள் கெடுகின்றன என்று பார்த்தால் அந்த வாடகை கட்டுப்படியாகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வேலை, தீர்ப்புச் சொல்வது. பதிந்த ட்ராக்குகளைச் சேர்த்து ஒவ்வொன்றின் அளவையும் சரிசெய்யும் மிக்ஸிங் இதில்தான் அடங்கும். நள்ளிரவில் செய்யவே கூடாத வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணங்கள் காதிலேயே இருக்கின்றன. நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்த காது தற்காலிகமாக மந்தமாகும். முக்கியமாக மேல் அலைவரிசைகள் மங்கும். உடனே டிரம்ஸின் ஹை-ஹேட் தட்டையும் குரலின் 'ஸ', 'ச' ஒலிகளையும் தூக்கிவிடுவோம். காலையில் கேட்டால் காதைக் கீறும். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு பரிந்துரைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். காது களைக்கக் களைக்க நாம் வால்யூமை ஏற்றுவோம், ஏற்ற ஏற்ற இன்னும் களைக்கும்.

மாறாக, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று வால்யூமைக் குறைத்து மிக்ஸ் செய்தால் வேறு வம்பு. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டியது: சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடி ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாகக் காணாமல் போகின்றன. மெல்லக் கேட்டு மிக்ஸ் செய்கிறவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார். அந்தப் பாட்டைக் கல்யாண மண்டபத்தில் போட்டால் தரை அதிரும், வரிகள் கேட்காது. பகலில் ஒரே அளவில், நடுத்தரச் சத்தத்தில் வைத்து, நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுத்துச் செய்வதற்கு ஈடாக இரவில் எதுவும் இல்லை.

காதைவிட மோசமாக ஏமாற்றுவது மனம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்து 2003-இல் வெளியான ஆய்வை இசைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆட்களை 14 நாள்கள் தினம் 4, 6, 8 மணி நேரம் என்று பிரித்துத் தூங்க வைத்தார்கள். ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் வேலைத் திறனும் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்குப் போயின. ஆனால் "எவ்வளவு தூக்கக் கலக்கம்?" என்று அவர்களைக் கேட்டபோது, சில நாள்களுக்குப் பிறகு அது பெரிதாகக் கூடவில்லை என்றே சொன்னார்கள். பழகிவிட்டது என்று நினைத்தார்கள். திறனோ கீழே போய்க்கொண்டே இருந்தது. "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்பா" என்று சொல்கிறவரிடம் வாதாட முடியாது, ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. தூக்கம் கெட்ட மனம் தன் வேலையை மதிப்பிடுவதிலும் இதே கோளாறைச் செய்கிறது. மூன்று மணிக்கு உலகத்திலேயே சிறந்ததாகப் பட்ட லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் இசைத் துண்டு, மறுநாள் வெறும் இரைச்சலாகத் தெரிவதும், அதே நேரத்தில் குப்பை என்று அழித்தது போன் மெமோவில் தப்பிப் பிழைத்து நன்றாக இருப்பதும் இதனால்தான். அழிப்பதும் ஒரு தீர்ப்பு. இரவில் ஒரு ட்ராக்கையும் நிரந்தரமாக அழிக்காதே என்பது கணினியில் இசை கோக்கும் புரோகிராமர்களுக்குள் புழங்க வேண்டிய விதி. மியூட் போட்டுவிட்டுப் படுத்தால் போதும்.

சரி, படுத்தால் தூக்கம் வருகிறதா? லூப்பையே கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தலைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் என்பவரின் குழு 2021-இல் இதைச் சோதித்தது. படுக்குமுன் கேட்ட பாட்டு மனத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றியவர்களுக்குத் தூக்கம் கெட்டது. பிரபலப் பாட்டின் வரிகளை எடுத்துவிட்டு வாத்திய இசையாக மட்டும் கேட்டவர்களிடம் இது இன்னும் அதிகம். வரி இல்லாத இசை தூங்க உதவும் என்று நினைப்போம், தெரிந்த பாட்டென்றால் மனம் வரியை நிரப்பப் பார்க்கிறது போலும். இசையமைப்பாளர் நாள்தோறும் செய்வது இதையேதான்: தன் பாட்டின் வரியில்லாத வடிவத்தை முந்நூறு தடவை கேட்டுவிட்டுப் படுக்கிறார். வேலையை முடிப்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இசை இல்லாமல் இருப்பது அவருக்கு மற்றவர்களைவிட அவசியம். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வீட்டில் யாராவது விழித்திருந்தால் பேசலாம்.

அப்புறம் காபி. காஃபீனின் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். இரவு பதினொன்றுக்குக் குடித்த ஒரு டம்ளர் டிகாக்‌ஷனில் பாதி நாலு மணிக்கும் உள்ளே இருக்கிறது. தூங்கினாலும் ஆழம் வராது. எழுந்ததும் களைப்பு, மறுபடி காபி.

இவ்வளவும் சொன்னதால் இரவு ஆட்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக எண்ண வேண்டாம். மாலை உடம்புக்காரர்கள் பிறவியிலேயே உண்டு. மூன்று மணிக்குப் படுத்துப் பதினொன்றுக்கு எழுவதைத் தினமும் ஒரே சீராகச் செய்கிறவர், ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு எட்டு மணி நேரம் தூங்கினால், பெரிதாக எதையும் இழக்கவில்லை. தஞ்சைப் பக்கத்துப் பெரிய கோவில்களில் நாகசுரக்காரர்கள் விடியலில் பள்ளியெழுச்சிக்குப் பூபாளமோ பௌளியோ வாசிப்பார்கள், அர்த்தஜாமத்தில் நீலாம்பரி வாசித்துச் சுவாமியைப் பள்ளியறைக்கு அனுப்புவார்கள். உற்சவ நாளில் புறப்பாடு நள்ளிரவு தாண்டும். அவர்கள் மதியத்தில் தூங்கினார்கள், ஊரும் அதைத் தொழிலின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. விடிய விடிய ஆடும் தெருக்கூத்துக் கலைஞர்களுக்கும் அப்படித்தான். பகலில் தூங்குகிறவனை யாரும் சோம்பேறி என்று எழுப்பவில்லை.

கெடுப்பது தாவல்தான். வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி ஆபீஸுக்காக ஏழு மணிக்கு எழுந்து, வெள்ளி சனி இரவுகளில் நாலு மணி வரை பாட்டு செய்து, ஞாயிறு மதியம் எழுகிறவர் ஒவ்வொரு வாரமும் விமானம் ஏறாமலே வேறு நாட்டு நேரத்துக்குப் போய்த் திரும்புகிறார். டில் ரோனெபெர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இதற்குச் 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார். ஐ.டி. வேலையும் பாட்டும் சேர்ந்து செய்கிற ஆயிரக்கணக்கானவர்களின் நிலைமை இதுதான். எனக்குத் தெரிந்த அளவில் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வழி, வார நாளில் இரவு ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் புது யோசனைகளை மட்டும் பதிவது. மாலைத் தெம்பு இருக்கும்போதே அது முடிந்துவிடும். தீர்ப்பு, மிக்ஸ், அழிப்பு எல்லாம் சனிக்கிழமை காலைக்கு. எழுகிற நேரம் ஞாயிறன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகரக் கூடாது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் உள்கடிகாரம் எழுகிற நேரத்தையும் காலை வெளிச்சத்தையும் வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

இதெல்லாம் தன் நேரம் தன் கையில் இருப்பவர்களுக்கு. சினிமாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் புரோகிராமருக்கும் மிக்ஸிங் இன்ஜினியருக்கும் அந்த வசதி இல்லை. படம் தயாராகும் வரிசையில் பின்னணி இசை, அதாவது ஆர்.ஆர்., ஏறக்குறையக் கடைசியில் வருகிறது. படப்பிடிப்பு தள்ளிப்போகும், எடிட்டிங் தள்ளிப்போகும், கிராபிக்ஸ் காட்சிகள் வந்து சேராது, ஆனால் ரிலீஸ் தேதி சுவரொட்டியில் அச்சாகிவிட்டது. முன்னால் எல்லோரும் விட்ட நாள்கள் மொத்தமாக ஆர்.ஆர். அறையில் வந்து விழும். எடிட் முடிந்தது என்று சொல்லிக் கொடுத்த ரீலில் பன்னிரண்டு விநாடி வெட்டி மறுபடி அனுப்புவார்கள். இசை அந்த விநாடிக்கு அளந்து செய்தது, எல்லா இடத்திலும் இழுத்துப் பொருத்த வேண்டும். சோபாவில் இரண்டு பேர் முறை வைத்துத் தூங்குவது அந்த வாரங்களில் வழக்கம். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிய சம்பளமானால் கூடுதல் இரவுக்குக் கூலி கிடையாது. இரவுக்கு விலை இல்லாதவரை யாரும் அதைச் சிக்கனமாகச் செலவு செய்ய மாட்டார்கள்.

அங்கே தூக்கப் பழக்கம் பற்றிய அறிவுரைக்கு வேலையே இல்லை. கேட்க வேண்டியது ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள். எடிட் இதுதான் இறுதி என்று பூட்டிய பிறகு மாற்றினால் அத்தனை நாள் கூட வேண்டும் என்பது ஒன்று. இறுதி மிக்ஸ் முடிந்தபின் ஓர் இரவு இடைவெளி விட்டு, மறுநாள் காலை ஒரு தடவை முழுக்கக் கேட்ட பிறகே படத்தை அனுப்புவது என்பது மற்றது. இரண்டாவதற்குத் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ள அதிக வாய்ப்பு உண்டு. வசனத்தை இசை மூழ்கடித்துவிட்டது என்று முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் ரசிகர்கள் எழுதுவதைப் படிக்கிறவரும் அவர்தான்.